தொண்டை அறுவைக்குப் பிறகு வரும் தாடை மூட்டுத் தொல்லைகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அறுவை தொண்டையில்தானே நடந்தது, தாடை ஏன் வலிக்கிறது?

டான்சில் நீக்கம், குறட்டைக்காக அண்ணத்தையும் தொண்டைச் சுவரையும் திருத்தும் அறுவை, குரல்நாணில் உள்ள கட்டிகளை நுண்ணோக்கியின் துணையால் அகற்றும் அறுவை ஆகிய எல்லாவற்றிலும் மருத்துவருக்கு வழி வாய்தான். டான்சில் அறுவையில் நோயாளியின் கழுத்தைப் பின்னோக்கிச் சாய்த்து, வாய்க்குள் உலோக விரிப்பானைப் பொருத்தி, அதன் தகட்டால் நாக்கை அழுத்திப் பிடித்து, விரிப்பானைத் தாங்குகோல்களில் மாட்டி நிறுத்துகிறார்கள். குரல்வளை அறுவையில் விரிப்பானுக்குப் பதிலாக நேரான உலோகக் குழாய் ஒன்று செலுத்தப்பட்டு, அதுவும் தாங்கியில் பொருத்தப்படுகிறது. இரண்டிலும் அறுவை முடியும் வரை தாடை ஏறத்தாழ ஒரே நிலையில் நிற்க வேண்டியிருக்கிறது.

விழித்திருக்கும் ஒருவரின் வாயை அளவுக்கு மீறித் திறக்க முயன்றால் மெல்லும் தசைகள் தாமாகவே இறுகி மூட்டைக் காத்துக்கொள்ளும். மயக்கத்திலும் தசைத் தளர்வு மருந்தின் பிடியிலும் அந்தக் காவல் இல்லை; மூட்டைச் சுற்றியுள்ள உறையும் இணைப்பிழைகளும் இழுபட்டாலும் வலியால் எச்சரிக்க ஆள் விழித்திருப்பதில்லை. இதற்கு முன்பே, சுவாசப் பாதையைத் திறந்து வைப்பதற்காக மயக்கவியல் மருத்துவர் கீழ்த்தாடையை முன்னோக்கித் தூக்கிப் பிடித்திருப்பார். சுவாசக் குழாயைச் செலுத்தும்போதும் தாடை விரிந்திருக்கும். ஆகவே அறுவை வேறு உறுப்பில் நடந்திருந்தாலும் பொது மயக்கத்துக்குப் பிறகு தாடை வலிப்பதுண்டு. தொண்டை அறுவையில் அந்தச் சுமை கூடுதலான நேரம் நீடிக்கிறது.

அப்படியானால் என் மூட்டு சேதமாகிவிட்டதா?

பெரும்பாலும் இல்லை. இந்த வலியில் மூட்டுக்குள்ளே உண்டான சேதத்தின் பங்கு சிறியது. தசையின் பங்கே பெரியது. இதை விளங்கிக்கொள்ள மூட்டின் அமைப்பைச் சற்றுத் தெரிந்துகொள்வது உதவும்.

காதுத் துளைக்குச் சற்று முன்னால் விரலை வைத்து வாயைத் திறந்தால் அசைவது கீழ்த்தாடையின் குமிழ். அது மண்டையோட்டின் பக்க எலும்பிலுள்ள குழியில் அமர்ந்திருக்கிறது. இரண்டுக்கும் நடுவே நார்க்குருத்தெலும்பால் ஆன மெல்லிய தட்டு ஒன்று உண்டு. வாய் திறக்கத் தொடங்கும்போது, முதல் 20 முதல் 25 மில்லிமீட்டர் வரை, குமிழ் இருந்த இடத்திலேயே சுழல்கிறது. அதற்கு மேல் திறக்க வேண்டுமானால் தட்டையும் கூட்டிக்கொண்டு முன்னுள்ள எலும்பு மேட்டின் மீது வழுக்கிச் செல்ல வேண்டும். வாயை மூடும் வேலையைக் கன்னத் தசை, நெற்றிப்பொட்டுத் தசை, தாடையின் உட்புறத்தில் தொண்டைச் சுவரை ஒட்டி இருக்கும் உள் மெல்லுதசை ஆகிய மூன்றும் செய்கின்றன.

இந்த மூன்றாவது தசைதான் நம் கதையின் முக்கிய ஆள். டான்சில் அமர்ந்திருந்த படுகைக்கும் இந்தத் தசைக்கும் இடையே தொண்டையின் மெல்லிய சுருக்குதசையும் கொஞ்சம் கொழுப்பும் இணைப்புத் திசுவும் மட்டுமே இருக்கின்றன. படுகை புண்ணாக இருக்கும் நாட்களில் அந்த அழற்சி பக்கத்திலுள்ள தசையையும் எரிச்சலூட்டுகிறது, தசை இறுகுகிறது, வாய் திறக்க மறுக்கிறது. மூட்டில் எந்தக் கோளாறும் இல்லாமலேயே ஒருவருக்கு வாயில் இரண்டு விரல் நுழையாமல் போவது இப்படித்தான்.

வலி எங்கிருந்து வருகிறது என்பதை எப்படிப் பிரித்தறிவது?

உறுதியாகச் சொல்வது மருத்துவரின் வேலை என்றாலும், நோயாளி கவனித்துச் சொல்லும் சில செய்திகள் பாதி வேலையை முடித்துவிடும். விழுங்கும்போது மட்டும் கூர்மையாகக் குத்தி, விழுங்காதபோது தணியும் வலி பெரும்பாலும் தொண்டைப் புண்ணுடையது. கன்னத்தையும் நெற்றிப்பொட்டையும் அழுத்தினால் வலிக்கிறது, காலையில் விறைப்பு அதிகம், மெல்லும்போது களைப்பு வருகிறது என்றால் அது தசை. காதுக்கு முன்னால் ஒரே புள்ளியில் விரலால் சுட்டிக்காட்டக்கூடிய வலி, கடிக்கும்போதும் கொட்டாவி விடும்போதும் அந்தப் புள்ளியிலேயே தைப்பது, வாய் திறக்கையில் தாடை ஒரு பக்கமாகச் சாய்வது ஆகியவை மூட்டைக் காட்டுகின்றன.

கண்ணாடி முன் செய்து பார்க்கத்தக்க சோதனை ஒன்று உண்டு. பற்களைச் சற்றே விலக்கி வைத்துக்கொண்டு கீழ்த்தாடையை இடப்புறமும் வலப்புறமும் நகர்த்திப் பாருங்கள். வாய் போதுமான அளவு திறக்காவிட்டாலும் பக்கவாட்டு அசைவு இரு திசையிலும் ஏறத்தாழ சமமாக வருமானால், இறுக்கம் மூடும் தசைகளில் இருக்க வாய்ப்பு அதிகம். ஒரு திசையில் மட்டும் அசைவு தடைபட்டு நின்றால், எதிர்ப்பக்க மூட்டின் தட்டு இடம் மாறியிருக்கலாம் என்று மருத்துவர்கள் ஐயப்படுவார்கள். இது குறிப்புத்தான், இதை மட்டும் வைத்து எவரும் தமக்குத் தாமே நோயைத் தீர்மானித்துக்கொள்ள வேண்டியதில்லை.

காதில் கடுமையான வலி இருக்கிறது. அது தாடை மூட்டிலிருந்துதான் வருகிறதா?

இரண்டு வழிகளில் வரலாம். டான்சில் படுகைக்கு உணர்வு தரும் ஒன்பதாவது மூளை நரம்பின் கிளை ஒன்று நடுக்காதுக்கும் செல்கிறது. எனவே படுகையில் எழும் வலியை மூளை காதில் எழுந்ததாக எடுத்துக்கொள்கிறது. டான்சில் அறுவைக்குப் பின் முதல் வாரத்தில் வரும் காது வலி பெரும்பாலும் இந்த வகையைச் சேர்ந்தது. காதுக்குள் பார்த்தால் ஒன்றும் இருக்காது, சொட்டு மருந்து விடுவதாலும் பயன் இராது. மற்றது, தாடை மூட்டுக்கு உணர்வு தரும் நரம்பே காதின் முன்பகுதிக்கும் செல்வதால் வருவது. முதல் வகை விழுங்கும்போது கூடும். இரண்டாவது மெல்லும்போது கூடும். தொண்டைப் புண் ஆறிய பிறகும் காது வலி தொடர்ந்தால் மூட்டின் மீது கவனம் திரும்ப வேண்டும்.

வாய் எவ்வளவு திறந்தால் இயல்பு? எப்படி அளப்பது?

வளர்ந்தவர்களில் மேல், கீழ் முன்பற்களின் விளிம்புகளுக்கு இடையே 40 முதல் 55 மில்லிமீட்டர் வரை திறப்பது வழக்கம். 35 மில்லிமீட்டருக்குக் குறைந்தால் திறப்பு குறுகியிருக்கிறது என்று பொதுவாகக் கொள்ளப்படுகிறது. அளவுகோல் இல்லையென்றால் சுட்டுவிரல், நடுவிரல், மோதிர விரல் மூன்றையும் சேர்த்துச் செங்குத்தாக வைத்துப் பார்க்கலாம். தம் சொந்த மூன்று விரல்கள் நுழைவது பெரும்பாலோருக்கு இயல்பு. குழந்தைகளுக்கும் அவர்களுடைய விரல்களே அளவு.

நாள்தோறும் ஒரே நேரத்தில், வலி தொடங்கும் இடம் வரை மட்டும் திறந்து, மில்லிமீட்டரில் அளந்து குறித்து வைப்பதை வலியுறுத்திச் சொல்ல வேண்டும். வலியைப் பற்றிய நம் நினைவு நம்பத்தக்கதன்று. நேற்றை விட இன்று மோசம் என்று தோன்றும் நாளில் எண் இரண்டு மில்லிமீட்டர் கூடியிருப்பதைக் காணலாம். மருத்துவருக்கும் “கொஞ்சம் பரவாயில்லை” என்ற விடையை விட, “திங்களன்று 24, இன்று 31” என்ற விடை பல மடங்கு பயன் தரும். முதல் மாதத்தில் எண் ஏறிக்கொண்டே போகும் வரை, எவ்வளவு மெதுவாக ஏறினாலும், பெரிதாகக் கவலைப்பட வேண்டியதில்லை. ஏறிய எண் இறங்கத் தொடங்கினால் அது செய்தி.

எத்தனை நாளில் சரியாகும்?

விரிப்பானால் வந்த தசை வலி சில நாட்களில் குறையத் தொடங்கி, பெரும்பாலோருக்கு இரண்டு மூன்று வாரங்களில் போய்விடும். டான்சில் அறுவையில் ஒரு மேடு பள்ளம் உண்டு: மூன்றாம் நாளுக்குப் பிறகு தொண்டை வலி கூடுவது வழக்கமே, ஏனெனில் படுகையை மூடியிருக்கும் வெண்படலம் கழன்று விழும் காலம் அது, தாடை இறுக்கமும் அதனுடன் சேர்ந்தே கூடிக் குறையும். மூட்டின் உறை இழுபட்டிருந்தால் ஆறு வாரம் வரை ஆகலாம். ஒரு மாதம் கழிந்தும் வாய் 35 மில்லிமீட்டரைத் தொடவில்லை என்றாலோ, இரண்டு வாரமாக அளவு ஒரே இடத்தில் நின்றுவிட்டாலோ காத்திருப்பதில் பொருளில்லை.

மயக்கம் தெளிந்ததிலிருந்து வாயை மூடவே முடியவில்லை. என்ன செய்வது?

திறக்க முடியாமையும் மூட முடியாமையும் ஒன்றுக்கொன்று எதிரான செய்திகள். மூட முடியாவிட்டால் குமிழ் எலும்பு மேட்டைத் தாண்டி முன்னால் போய் நின்றுவிட்டது, அதாவது மூட்டு நழுவிவிட்டது என்றே முதலில் கருத வேண்டும். இரு பக்கமும் நழுவினால் முகவாய் முன்தள்ளி, முன்பற்கள் சேராமல், எச்சில் வழிந்துகொண்டிருக்கும், பேச்சு குழறும். ஒரு பக்கம் மட்டும் நழுவினால் முகவாய் எதிர்ப்பக்கம் திரும்பியிருக்கும். காதுக்கு முன்னால், குமிழ் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு பள்ளம் தட்டுப்படும்.

அறுவைக்குப் பின் இது கவனத்திலிருந்து தப்புவதற்குக் காரணம் உண்டு. நோயாளி அரைத் தூக்கத்தில் இருக்கிறார். வாய் திறந்திருப்பதும் எச்சில் வழிவதும் மயக்கத்தின் மிச்சமாகத் தோன்றுகின்றன. பேச்சுக் குழறல் தொண்டை வலியின் கணக்கில் எழுதப்பட்டுவிடுகிறது. ஆகவே உடன் இருப்பவர், நோயாளி நன்றாக விழித்ததும் பின்பற்களைச் சேர்த்துக் கடிக்கச் சொல்லிப் பார்த்து, முடியவில்லை என்றால் உடனே செவிலியரிடம் சொல்லிவிடுவது நல்லது.

சரிசெய்யும் முறை மிகப் பழையது; பண்டைக் கிரேக்க மருத்துவர் ஹிப்போகிரட்டீஸின் பெயரால் வழங்கும் நூல்களிலேயே அது விவரிக்கப்பட்டுள்ளது. மருத்துவர் தம் கட்டைவிரல்களைக் கீழ்க் கடைவாய்ப் பற்களின் மீது வைத்து, தாடையை முதலில் கீழ்நோக்கியும் பிறகு பின்னோக்கியும் அழுத்துகிறார்; தேவைப்பட்டால் தசை தளர மருந்து தருகிறார். நழுவிய சில மணி நேரத்துக்குள் செய்தால் எளிது. வாரக்கணக்கில் விட்டுவிட்டால் கையால் சரிசெய்வதே அரிதாகிவிடும். வீட்டில் யாரும் இதை முயலக் கூடாது. தட்டியும் குத்தியும் உள்ளே தள்ளலாம் என்ற எண்ணம் தாடை எலும்பு முறிவில் முடியக்கூடும். சரியான பிறகும் இரண்டு மூன்று வாரங்களுக்கு வாயை அகலத் திறப்பதைத் தவிர்க்க வேண்டும். கொட்டாவி வரும்போது முகவாயின் கீழ் கையை வைத்துத் தாங்கிக்கொள்ள வேண்டும்.

தாடை திடீரென்று இழுத்துக்கொண்டு இறுகுகிறது, கழுத்தும் திருகுகிறது. இதுவும் விரிப்பானால் வருவதா?

இல்லை, இதற்கு மருந்து காரணமாக இருக்கலாம். அறுவைக்குப் பின் வாந்தியைத் தடுக்கத் தரப்படும் சில மருந்துகள், குறிப்பாக மெட்டோகுளோப்ரமைடு, மூளையில் டோபமைன் என்னும் வேதிப்பொருளின் வேலையைத் தடுப்பவை. சிலருக்கு, இளம் வயதினருக்கும் குழந்தைகளுக்கும் கூடுதலாக, இவை தாடை, நாக்கு, கழுத்து, கண் ஆகியவற்றின் தசைகளைத் தன்னிச்சையாக இழுக்க வைக்கும். பெரும்பாலும் மருந்து தந்த முதல் ஓரிரு நாட்களுக்குள் இது நேரும். பார்ப்பவருக்கு அச்சமூட்டும் காட்சி. ஆனால் சரியாகக் கண்டுகொண்டால் அதை முறிக்கும் மருந்தை ஊசியாகப் போட்ட சில நிமிடங்களில் தணிந்துவிடும். அதைத் தாடை மூட்டுக் கோளாறு என்றோ பதற்றம் என்றோ தவறாக எண்ணிக்கொண்டிருந்தால்தான் தொல்லை நீளும். அறுவையின்போதும் அதன் பின்னும் என்னென்ன மருந்து தரப்பட்டது என்ற தாள் கையில் இருக்க வேண்டியதற்கு இதுவும் ஒரு காரணம்.

எந்த அறிகுறிகளைக் கண்டால் தாமதிக்கக் கூடாது?

திறந்துகொண்டிருந்த வாய் மீண்டும் நாளுக்கு நாள் இறுகுவதும், அதனுடன் காய்ச்சல், ஒரு பக்கத்தில் மட்டும் கூடும் தொண்டை வலி, கழுத்து வீக்கம், அடைத்த குரல் ஆகியவையும் சேர்ந்தால் தொண்டையின் பக்க இடைவெளியில் சீழ் பிடித்திருக்கலாம். மூச்சு விடச் சிரமம், சொந்த எச்சிலையே விழுங்க முடியாமை, வாயிலிருந்து சிவந்த இரத்தம் வருவது ஆகியவற்றுக்கு நேரம் பார்க்காமல் அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போக வேண்டும். டான்சில் அறுவைக்குப் பின் தாமதமாக வரும் இரத்தக்கசிவு பெரும்பாலும் 5 முதல் 10 ஆம் நாளுக்குள் நேர்கிறது. குழந்தையின் கழுத்து ஒரு பக்கமாகச் சாய்ந்து, நேராக்க முடியாமல் வலித்தால் அது தாடை பற்றியதன்று. கழுத்தின் மேல் இரு எலும்புகளுக்கிடையே நழுவல் ஏற்பட்டிருக்கலாம். அரிதானது, ஆனால் உடனே பார்க்கப்பட வேண்டியது.

வீட்டில் என்ன செய்யலாம்?

முதலாவது, தாடைக்கு முழு ஓய்வு கொடுக்காதீர்கள். வலிக்கிறது என்று பேசாமலும் மெல்லாமலும் கஞ்சித் தெளிவைப் போன்ற நீராகாரத்தை மட்டும் குடித்துக்கொண்டிருப்பவர்களின் தாடைதான் அதிக நாள் இறுகிக் கிடக்கிறது. விழுங்குவதும் பேசுவதும் மென்மையான உணவை மெல்லுவதும் தசையை இளக்குகின்றன. அதற்காக மிட்டாய்ப் பசையை (சூயிங் கம்) மணிக்கணக்கில் மெல்லச் சொல்லவில்லை. தொண்டைக்கு நல்லது என்று சிலர் பரிந்துரைக்கும் அந்தப் பழக்கம், தாடை வலிக்கிற ஒருவருக்குக் களைத்த தசையை மேலும் களைக்க வைக்கும். கடினமானதும் இழுத்துக் கடிக்க வேண்டியதும் வேண்டாம்.

இரண்டாவது, தாடைக்கு ஓர் ஓய்வு நிலை உண்டு: உதடுகள் சேர்ந்திருக்க, பற்கள் ஒன்றையொன்று தொடாமல் விலகியிருக்க, நாக்கு நுனி மேல் முன்பற்களுக்குப் பின்னால் மெல்லத் தங்கியிருப்பது. வலியில் இருப்பவர்கள் தம்மை அறியாமல் பற்களைக் கடித்துக்கொண்டே இருப்பார்கள். நாளில் அவ்வப்போது இதை நினைத்துப் பார்த்துத் தளர்த்துவது எந்தச் செலவும் இல்லாத சிகிச்சை. நான் அறிந்தவரை மிகவும் புறக்கணிக்கப்படுவதும் இதுதான்.

கன்னத்தின் மீதும் காதுக்கு முன்னாலும் வெதுவெதுப்பான ஈரத்துணியை 15 நிமிடம் வைப்பது தசையைத் தளர்த்தும். முதல் இரண்டு நாட்களில் வீக்கம் இருந்தால் துணியில் சுற்றிய பனிக்கட்டி பொருத்தமானது. தொண்டைப் புண் ஆறும் முன்பு கழுத்தின் மீது சூடு வைப்பதற்கு முன் அறுவை செய்தவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். வலி மருந்துகளிலும் இதே கவனம் தேவை: பாரசிட்டமால் பொதுவாக முதலில் தரப்படுவது, ஆஸ்பிரின் இரத்தக்கசிவைக் கூட்டும், குழந்தைகளுக்கு வேறு ஆபத்தும் உண்டு, மற்ற அழற்சி எதிர்ப்பு மருந்துகளை அறுவை மருத்துவர் ஒப்புக்கொண்ட பிறகே எடுக்கலாம். மருந்து வேலை செய்யத் தொடங்கிய பிறகு உண்பதும் பயிற்சி செய்வதும் எளிது என்பதால், உணவுக்கு அரைமணி நேரம் முன்பு மருந்தை எடுத்துக்கொள்ளும்படி நேரத்தை அமைத்துக்கொள்ளலாம்.

பயிற்சிகளை எப்போது, எப்படிச் செய்வது?

தொண்டைப் புண் பச்சையாக இருக்கும் முதல் பத்து நாட்களில் இயல்பான அசைவே போதும். வாயைப் பிளந்து கண்ணாடியில் புண்ணைப் பார்த்துக்கொண்டிருப்பதையும் தவிர்க்கலாம். அறுவை மருத்துவர் புண் ஆறியதாகச் சொன்ன பிறகு பயிற்சியைத் தொடங்கலாம். நாக்கு நுனியை அண்ணத்தில் ஒட்டி வைத்துக்கொண்டு, அது விலகாத அளவுக்கு மட்டும் வாயைத் திறந்து மூடுவது முதற்படி. இதில் தாடை பெரும்பாலும் சுழல மட்டுமே செய்யும், வழுக்காது. அது வலியின்றி வந்தபின் நாக்கை விடுவித்து, இழுவை தெரியும் வரை திறந்து, 5 முதல் 10 நொடி நிறுத்தி மூடலாம். பிறகு கட்டைவிரலை மேல் முன்பற்களிலும் சுட்டுவிரலைக் கீழ் முன்பற்களிலும் வைத்து மெல்ல விரிக்கலாம். ஒரு வேளைக்கு ஐந்தாறு முறை, நாளில் ஐந்தாறு வேளை என்பது நல்ல அளவு. ஒரே அமர்வில் நூறு முறை செய்வதை விடச் சிறுசிறு அளவில் அடிக்கடி செய்வதே தசைக்குப் பிடிக்கும்.

இழுவை தெரியலாம், கூர்மையான வலி தெரியக் கூடாது. பயிற்சிக்குப் பிறகு ஒரு மணி நேரத்துக்கும் மேலாக வலி நீடித்தால் அன்று அளவு மீறிவிட்டது என்று பொருள். மூட்டுக்குள் சிக்கிக்கொண்ட தட்டை, வாயை வலுவாகத் திறந்து “எடுத்துவிடுகிறேன்” என்று முன்வரும் கைகளை ஏற்க வேண்டாம்.

வாய் திறக்கும்போது சொடுக்குச் சத்தம் கேட்கிறது. முன்பு இல்லை.

தட்டு சற்றே முன்னால் நழுவியிருந்து, வாய் திறக்கும்போது குமிழ் அதன் மீது ஏறி அமரும் ஒலி அது. வலியில்லாத சொடுக்கு மக்களிடையே மிகப் பரவலாக இருப்பது. அறுவைக்கு முன்பும் இருந்து, வலி வந்த பிறகு தாடை மீது கவனம் திரும்பியதால் இப்போதுதான் காதில் விழுந்திருக்கவும் கூடும். அதற்குச் சிகிச்சை தேவையில்லை. திரும்பத் திரும்பச் சொடுக்கிப் பார்த்துக்கொள்ளாமல் இருந்தால் போதும்.

கவனிக்க வேண்டியது, சொடுக்கு திடீரென்று நின்று, அதே நாளிலிருந்து வாய் 25, 30 மில்லிமீட்டருக்கு மேல் திறக்காமல், தாடை அந்தப் பக்கமாகவே சாய்வது. தட்டு முன்னால் சிக்கிக்கொண்டு குமிழுக்கு வழிவிடாத நிலை அது. சத்தம் நின்றதே என்று மகிழ்ந்து இருந்துவிடுவோரும் உண்டு.

உணவின் முதல் கவளத்தில் மட்டும் தாடையோரம் சுரீரென்று இழுக்கிறது; பிறகு சரியாகிவிடுகிறது. ஏன்?

கழுத்து வழியாகத் தொண்டையின் பக்க இடைவெளியிலோ, காதடி உமிழ்நீர்ச் சுரப்பியின் ஆழ்பகுதியிலோ அறுவை செய்துகொண்டவர்களிடம் இது காணப்படுகிறது. சுரப்பிக்குச் செல்லும் பரிவு நரம்பிழைகள் அறுபட்டதால், முதல் கடியில் சுரப்பியின் தசைச் செல்கள் மிகையாகச் சுருங்குவதே காரணம் என்று கருதப்படுகிறது. மூட்டுக்கு இதில் பங்கில்லை. பற்களின் மீது அணியும் காவல் உறையோ தாடைப் பயிற்சியோ பயன் தராது. மாதக்கணக்கில் தானாகத் தணிவது வழக்கம். கடுமையாக இருந்தால் நரம்பு வலிக்கான மருந்தும், சில இடங்களில் சுரப்பிக்குள் போடும், அதன் சுருக்கத்தைத் தணிக்கும் போட்டுலினம் ஊசியும் உதவுகின்றன.

டான்சில் எடுத்து மாதங்கள் ஆகியும் தொண்டையில் முள் குத்துவது போலவும் தாடைக்கடியில் வலியாகவும் இருக்கிறதே?

மூட்டைப் பரிசோதித்து ஒன்றும் இல்லை என்றால், காதுக்குக் கீழிருந்து தொண்டையை நோக்கி இறங்கும் ஊசிபோன்ற எலும்பு முனையையும் நினைவில் கொள்ள வேண்டும். அது வழக்கமாக 2.5 முதல் 3 சென்டிமீட்டர் நீளம் கொண்டது. நீண்டிருந்தாலோ அதன் இழை எலும்பாகியிருந்தாலோ, விழுங்கும்போதும் தலையைத் திருப்பும்போதும் தொண்டையிலும் காதிலும் தாடையோரத்திலும் வலி தரும். வாட் ஈகிள் என்ற அமெரிக்கத் தொண்டை மருத்துவர் 1937 இல் இதை விவரித்தார். டான்சில் நீக்கத்துக்குப் பின் தோன்றிய வலிகளையே அவர் முதன்மையாகக் கவனித்தார். டான்சில் படுகையை விரலால் தொட்டுப் பார்த்தும், சி.டி. படம் எடுத்தும் உறுதி செய்கிறார்கள். எலும்பு நீண்டிருப்பது மட்டும் நோயாகாது. நீண்ட முனையோடு வலியே இல்லாமல் வாழ்பவர்கள்தான் அதிகம்.

புற்றுநோய்க்காகத் தொண்டை அறுவை செய்தவர்களுக்கும் இதே அறிவுரைதானா?

இல்லை, இங்கே காத்திருப்பது தவறு. பெரிய அறுவையில் மெல்லுதசையின் ஒரு பகுதியே நீக்கப்பட்டிருக்கலாம், கீழ்த்தாடையைப் பிளந்து மீண்டும் தகட்டால் இணைத்திருக்கலாம். அதன்பின் கதிர்வீச்சு தரப்பட்டால் தசைகள் மெல்ல மெல்ல நாராகி இறுகும். இந்த இறுக்கம் சிகிச்சை முடிந்த சில மாதங்களில், வலியே இல்லாமல் கூடிக்கொண்டு போகும். நாராகிப் போன தசையை மீட்பது மிகக் கடினம் என்பதால், கதிர்வீச்சு தொடங்கும் முன்பே அளவு எடுத்து வைத்து, சிகிச்சைக் குழு அனுமதித்த உடனே பயிற்சியைத் தொடங்கி, சிகிச்சைக்குப் பிறகும் நெடுங்காலம் தொடர வேண்டும். மரத் துண்டுகளை அடுக்கி முன்பற்களுக்கிடையே வைத்து ஒவ்வொன்றாகக் கூட்டுவதும், கையால் இயக்கும் விரிப்புக் கருவிகளும் இதற்குப் பயன்படுகின்றன. நன்றாக இருந்த திறப்பு காரணமின்றிக் குறைந்தால் நோய் திரும்பியதா என்பதையும் பார்க்க வேண்டியிருப்பதால், அந்த மாற்றத்தை அடுத்த வழக்கமான சந்திப்பு வரை தள்ளி வைக்கக் கூடாது.

யாரிடம் போவது? என்ன சோதனைகள், சிகிச்சைகள் இருக்கும்?

அறுவை செய்த காது மூக்கு தொண்டை மருத்துவரிடமே முதலில் போக வேண்டும். சீழ், இரத்தக்கசிவு, ஆறாத புண் ஆகியவற்றை விலக்குவது அவர் பொறுப்பு. தொண்டை நன்றாக இருக்கிறது, தாடைதான் தொல்லை என்று முடிவானால் வாய், முகம், தாடை அறுவை மருத்துவரும் இயன்முறை மருத்துவரும் உரியவர்கள். பெரும்பாலோருக்குக் கையால் தொட்டும் அளந்தும் பார்ப்பதே போதும். எலும்பைப் பார்க்கத் தாடை முழுவதையும் காட்டும் எக்ஸ்ரே அல்லது சி.டி., தட்டைப் பார்க்க எம்.ஆர்.ஐ. என்பது பொதுவான முறை. படத்தில் தட்டு சற்று நகர்ந்திருப்பது வலியே இல்லாதவர்களிடமும் தென்படும் என்பதால், படத்துக்குச் சிகிச்சை செய்யாமல் நோயாளிக்குச் செய்யும் மருத்துவரை நம்பலாம்.

இரவில் பல்லைக் கடிப்பவர்களுக்குப் பல் காவல் உறை, தசை தளர்வுக்குக் குறுகிய கால மருந்து, இயன்முறை ஆகியவையே சிகிச்சையின் பெரும்பகுதி. இவற்றுக்கு இணங்காத மூட்டுக்குள் ஊசி வழியாகத் திரவம் செலுத்திக் கழுவுவது அடுத்த படி. திறந்த அறுவை மிகச் சிலருக்கே தேவைப்படும். பற்களை ராவியோ கம்பி கட்டியோ கடிப்பை நிரந்தரமாக மாற்றலாம் என்று இந்தக் கட்டத்தில் யாராவது சொன்னால், வேறொரு மருத்துவரின் கருத்தைக் கேட்காமல் ஒப்புக்கொள்ள வேண்டாம்.

எனக்கு ஏற்கெனவே தாடை மூட்டுத் தொல்லை உண்டு. இனிமேல்தான் தொண்டை அறுவை. என்ன சொல்ல வேண்டும்?

அறுவை மருத்துவர், மயக்கவியல் மருத்துவர் இருவரிடமும் தனித்தனியாகச் சொல்ல வேண்டும். தாடை எப்போதாவது பூட்டிக்கொண்டதா, நழுவியதா, கொட்டாவியில் சிக்கியதா, எந்தப் பக்கம், அண்மையில் வாய் எவ்வளவு திறந்தது, இரவில் பல்லைக் கடிக்கும் பழக்கம் உண்டா, முடக்குவாதம் உண்டா, மூட்டுகள் இயல்புக்கு மீறி வளையும் உடல்வாகா என்பவை அவர்களுக்குத் தேவைப்படும் செய்திகள். சொடுக்குச் சத்தத்தைக் கூட விடாமல் சொல்லிவிடுங்கள். மயக்கத்துக்கு முன் அவர்கள் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்ப்பது சுவாசக் குழாய் செலுத்துவது எளிதா என்று அறிவதற்காக. அப்போதே அளவை மில்லிமீட்டரில் குறித்து வைக்கும்படி கேட்டுக்கொண்டால், பின்னால் ஒப்பிட ஓர் அடிப்படை கிடைக்கும்.

இந்தச் செய்தி அவர்கள் கையில் இருந்தால், விரிப்பானைத் தேவையான அளவுக்கு மட்டும் திறக்கலாம். நீண்ட அறுவையில் இடையிடையே அதைத் தளர்த்தலாம். குழாய் செலுத்த வளையும் ஒளியிழைக் கருவியைத் தேர்ந்தெடுக்கலாம். எல்லாம் முடிந்து விரிப்பானை எடுத்ததும், மயக்கம் தெளிவிப்பதற்கு முன்பே, பற்கள் சரியாகச் சேர்கின்றனவா என்று தாடையை மூடிப் பார்க்கலாம். ஒருமுறை மயக்கத்தின்போது தாடை நழுவியவர்கள் அந்தச் செய்தியை எழுத்தில் வாங்கி, மற்ற மருத்துவக் குறிப்புகளோடு வைத்திருக்க வேண்டும். அடுத்த அறுவை கண்ணிலோ காலிலோ நடந்தாலும், பொது மயக்கம் தரப்படுமானால் அந்தத் தாள் தேவைப்படும்.